பழைய படங்களில் டைனோசர்களும் எலும்பு தேடும் பேராசிரியர்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய டைனோசர் படங்களை நண்பர்களோடும் அவர்கள் வீட்டுப் பிள்ளைகளோடும் சேர்ந்து பார்ப்பது என் வழக்கம். படம் முடிந்ததும் ஏறக்குறைய ஒரே சந்தேகங்கள்தான் திரும்பத் திரும்ப வரும். அவற்றைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். ‘பழைய’ என்று நான் சொல்வது 1914 முதல் 1970களின் கடைசி வரை. கணினியில் உருவாக்கிய டைனோசர்கள் 1993இல் ‘ஜுராசிக் பார்க்’ வந்த பிறகுதான் பரவின.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தப் படங்களைப் பார்க்கும்போது, படம் வந்த ஆண்டில் அறிவியல் என்ன சொன்னது என்பதையும் கூடவே தெரிந்துகொண்டால் ரசனை இரட்டிப்பாகும். கீழே உள்ள பதில்களில் பலவும் அந்த நோக்கில் எழுதியவை.

சினிமாவுல முதல்ல வந்த டைனோசர் எது?

சின்னச் சின்ன முயற்சிகள் அதற்கு முன்பும் நடந்திருக்கின்றன. ஆனால் மக்கள் மனதில் பதிந்த முதல் டைனோசர் ‘கெர்ட்டி’. அமெரிக்கப் பத்திரிகை ஓவியர் வின்சர் மெக்கே ஆயிரக்கணக்கான தாள்களில் கையால் வரைந்து 1914இல் அதை உருவாக்கினார். நியூயார்க்கின் அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் 1905 முதல் நின்ற, நீள்கழுத்து டைனோசரான பிரான்டோசாரஸின் எலும்புக்கூட்டை வைத்துத்தான் கெர்ட்டியின் உருவம் பிறந்தது.

முதலில் அது மேடை நிகழ்ச்சி. மெக்கே கையில் சாட்டையோடு திரைக்குப் பக்கத்தில் நின்று கட்டளையிடுவார், கெர்ட்டி வெளியே வந்து வணங்கும். திட்டினால் அழும், தாகம் எடுத்தால் ஏரியையே குடித்து முடிக்கும், குறுக்கே வந்த மாமூத் யானையைத் தூக்கித் தண்ணீரில் எறியும். கடைசியில் மெக்கேயே படத்துக்குள் நுழைந்து அதன் முதுகில் ஏறிப் போவதுபோல் முடியும். உலகின் முதல் கார்ட்டூன் இதுதான் என்று பலர் சொல்வது சரியல்ல, மெக்கேயே அதற்கு முன் வேறு கார்ட்டூன்கள் எடுத்திருக்கிறார். ஆனால் கோபம், வெட்கம், அடம் எல்லாம் உள்ள ஒரு பாத்திரத்தை வெறும் கோடுகளால் உயிர்ப்பித்ததில் கெர்ட்டிக்குத் தனி இடம் உண்டு.

கம்ப்யூட்டரே இல்லாத காலத்துல எப்படி எடுத்தாங்க?

மூன்று வழிகள் இருந்தன. முதலாவது ஸ்டாப் மோஷன்: சிறிய பொம்மையை இம்மியளவு நகர்த்தி ஒரு பிரேம் எடுப்பது, மறுபடி நகர்த்தி அடுத்த பிரேம். இரண்டாவது உயிருள்ள பல்லி, உடும்பு, முதலைகளை நடிக்க வைப்பது. மூன்றாவது ஆளுக்கு ரப்பர் உடை மாட்டிவிடுவது. பின்னிரண்டுக்கும் தனிக் கேள்விகள் வருவதால் இங்கே முதலாவதைப் பற்றி மட்டும்.

இந்த வித்தையை வளர்த்தவர் வில்லிஸ் ஓ’பிரையன். 1925இல் வந்த ‘தி லாஸ்ட் வேர்ல்ட்’ படத்துக்காக மார்செல் டெல்காடோ என்ற சிற்பியோடு சேர்ந்து ஒரு டைனோசர் கூட்டத்தையே உருவாக்கினார். உள்ளே மூட்டுகளோடு உலோக எலும்புக்கூடு, அதன்மேல் பஞ்சால் தசை, அதற்கும் மேலே ரப்பர் தோல். சில பொம்மைகளுக்குள் காற்றுப்பை வைத்து, அதைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊதி மார்பு ஏறி இறங்குவதுபோல் காட்டினார்கள். பேசும் படக் காலத்தில் ஒரு நொடிக்கு 24 பிரேம். நாள் முழுக்க உழைத்தாலும் திரையில் சில நொடிகள்தான் தேறும். 1933இல் ‘கிங் காங்’ படத்தில் குரங்கும் டைரனோசாரஸும் மோதும் காட்சியை இதை நினைத்துக்கொண்டு பாருங்கள். இரண்டு பொம்மைகளின் கை, கால், வால், தாடை எல்லாவற்றையும் பிரேமுக்குப் பிரேம் நினைவில் வைத்து நகர்த்தியிருக்கிறார்கள்!

ஓ’பிரையனுக்குப் பின் அந்தக் கலையைக் கையில் எடுத்தவர் ரே ஹாரிஹவுசன். பதின்ம வயதில் ‘கிங் காங்’ பார்த்து வியந்து இந்தத் தொழிலுக்கு வந்தவர். என்னைக் கேட்டால், அவருடைய விலங்குகள் சாகும் காட்சிகளில் இருக்கும் வேதனை இன்றைய பல படங்களில் இல்லை.

அந்தக் காலத்து ஜனங்க அது நிஜ டைனோசர்னு நம்பிட்டாங்களாமே?

இதற்குப் பின்னால் உண்மையான சம்பவம் ஒன்று இருக்கிறது. ‘தி லாஸ்ட் வேர்ல்ட்’ நாவலை எழுதிய ஆர்தர் கானன் டாயல் 1922 ஜூனில் நியூயார்க்கில் அமெரிக்க மாயவித்தைக்காரர் சங்கத்தின் விருந்துக்குப் போனார். சங்கத் தலைவர் ஹூடினி. டாயல் அங்கே எந்த விளக்கமும் சொல்லாமல் ஓ’பிரையனின் சோதனைப் படச்சுருளைத் திரையிட்டார். டைனோசர்கள் மேய்வதையும் சண்டையிடுவதையும் பார்த்த வித்தைக்காரர்கள் திகைத்துப் போனார்கள். மறுநாள் நியூயார்க் டைம்ஸிலும் செய்தி வந்தது. அதற்குப் பிறகுதான் டாயல் அது படத்துக்காக எடுத்தது என்று விளக்கிக் கடிதம் எழுதினார்.

‘நம்பிவிட்டார்கள்’ என்பதைவிட ‘எப்படி எடுத்தார்கள் என்று அவர்களுக்குப் புரியவில்லை’ என்பதே சரி. தந்திரம் செய்வதையே தொழிலாகக் கொண்டவர்களுக்குப் புரியவில்லை என்பதுதான் ஓ’பிரையனுக்குக் கிடைத்த பெரிய பாராட்டு.

சில படத்துல அப்பட்டமா ஓணான் மாதிரியே இருக்கே, அது என்ன?

ஓணான் இனம்தான். 1940இல் வந்த ‘ஒன் மில்லியன் பி.சி.’ படத்தில் பல்லிகளுக்கும் சின்ன முதலைக்கும் முதுகில் செதில் ஒட்டி, குட்டிச் செட்டுகளில் நடமாடவிட்டு எடுத்தார்கள். செலவு குறைவு என்பதால் அந்தக் காட்சிகளைப் பிறகு எத்தனையோ மலிவுப் படங்களில் வெட்டி ஒட்டினார்கள். 1959இல் வந்த ‘ஜர்னி டு தி சென்டர் ஆஃப் தி எர்த்’ படத்தில் இகுவானாக்களின் முதுகில் பாய்போல் துடுப்பு ஒட்டி டைமெட்ரோடான் ஆக்கினார்கள். துடுப்பு வைத்தது ஓரளவு பொருந்தவும் செய்கிறது. ஆனால் டைமெட்ரோடான் டைனோசரே இல்லை. டைனோசர்கள் தோன்றுவதற்குக் கோடிக்கணக்கான ஆண்டுகள் முன்பே அழிந்துபோன, பாலூட்டிகளின் வழிக்கு நெருக்கமான விலங்கு அது.

இந்த முறை எனக்குப் பிடிக்காது. பல்லியின் கால் பக்கவாட்டில் விரிந்திருக்கும், டைனோசரின் கால் யானையைப் போல உடலுக்கு நேர் கீழே இருக்கும். நடையே பொய்யாகிவிடுகிறது. அதைவிட முக்கியம், 1940 படத்தில் விலங்குகளை நிஜமாகவே சண்டையிட விட்டிருக்கிறார்கள். பார்க்கவே கஷ்டமாக இருக்கும், குழந்தைகளுக்குக் காட்ட வேண்டாம். இன்னொரு வருத்தம்: 1960இல் ‘தி லாஸ்ட் வேர்ல்ட்’ மறுபடி எடுக்கப்பட்டபோது ஓ’பிரையனை வேலைக்குச் சேர்த்தும், திரையில் காட்டியது கொம்பு ஒட்டிய உடும்பையும் இகுவானாவையும்தான். 1925 படத்தை எடுத்த மனிதருக்கு அப்படி ஒரு நிலை.

உருவம் இப்படித்தான் இருக்கும்னு யாரைக் கேட்டு செஞ்சாங்க?

பெரும்பாலும் ஓவியர்களைப் பார்த்து, ஓவியர்கள் ஆய்வாளர்களைக் கேட்டு. அமெரிக்கப் படங்களுக்குச் சார்ல்ஸ் நைட் வரைந்த ஓவியங்கள்தான் மூலம். நைட்டுக்குப் பார்வைக் குறை கடுமையாக இருந்தது. ஆனாலும் அருங்காட்சியக ஆய்வாளர்களோடு உட்கார்ந்து எலும்பிலிருந்து தசை, தசையிலிருந்து தோல் என்று படிப்படியாக யோசித்து வரைந்தார். டெல்காடோவின் பொம்மைகள் அந்த ஓவியங்களின் முப்பரிமாணப் பிரதிகள். ஹாரிஹவுசனும் நைட்டைத் தன் ஆசானாகவே மதித்தார்.

ஐரோப்பாவில் அந்த இடம் செக் ஓவியர் ஸ்டெனெக் புரியனுக்கு. அவரும் தொல்லுயிரியலாளர் யோசெஃப் அகஸ்தாவும் சேர்ந்து செய்த நூல்கள் பல மொழிகளில் பரவின. செக் இயக்குநர் கரெல் ஸெமன் 1955இல் எடுத்த ‘ட்செஸ்டா டோ பிராவெக்கு’ (ஆதிகாலத்துக்கு ஒரு பயணம்) படத்துக்குப் புரியனின் ஓவியங்கள்தான் அடிப்படை, அகஸ்தா ஆலோசகர்.

டி-ரெக்ஸ் ஏன் கங்காரு மாதிரி நிமிர்ந்து வாலைத் தரையில இழுத்துக்கிட்டு நடக்குது? தப்பா எடுத்துட்டாங்களா?

படக்காரர்கள் தப்பாக எடுக்கவில்லை, அன்றைய அருங்காட்சியகமே அப்படித்தான் நிறுத்தியிருந்தது. தொல்லுயிரியலாளர் பார்னம் பிரவுன் 1902இல் அமெரிக்காவின் மொன்டானாவில் டைரனோசாரஸ் (டி-ரெக்ஸ்) எலும்புகளைக் கண்டெடுத்தார். பிறகு நியூயார்க்கில் 1915இல் காட்சிக்கு வந்த எலும்புக்கூடு நிமிர்ந்து நின்றது, வால் தரையில் கிடந்தது. நைட் அதை வரைந்தார், ஓ’பிரையன் அதை நடக்கவிட்டார். பிரான்டோசாரஸ் எப்போதும் சேற்றிலும் ஏரியிலும் கிடப்பதற்கும் இதுதான் காரணம். அவ்வளவு கனத்த உடலைத் தண்ணீர்தான் தாங்கும் என்று அன்று பலர் நினைத்தார்கள்.

மாற்றம் 1969இல் தொடங்கியது. ஆய்வாளர் ஜான் ஆஸ்ட்ரம் விவரித்த டைனோநிகஸ் என்ற டைனோசர், டைனோசர்கள் சுறுசுறுப்பானவை என்று காட்டியது. 1970களில் ராபர்ட் பேக்கர் போன்றவர்கள் அதை மேலும் வலியுறுத்தினார்கள். முதுகு தரைக்குக் கிடையாக, வால் பின்னால் தூக்கியபடி இருக்கும் தோற்றம் அதற்குப் பிறகே நிலைபெற்றது. நியூயார்க் எலும்புக்கூட்டையே 1990களில்தான் திருத்தி நிறுத்தினார்கள். அப்படியிருக்க 1933 படத்தைக் குறை சொல்வது நியாயமில்லை.

சரி, அப்போ பழைய படத்துல எதையுமே தப்புன்னு சொல்லக் கூடாதா?

தாராளமாகச் சொல்லலாம், அன்றைக்கே தெரிந்திருந்த விஷயத்தை மீறியிருந்தால். ‘கிங் காங்’கில் பிரான்டோசாரஸ் மனிதர்களை வாயால் கவ்விக் கொல்கிறது. அது தழை தின்னும் விலங்கு என்பது அப்போதே தெரியும்.

இன்னும் பெரிய உதாரணம் 1940இல் டிஸ்னி எடுத்த ‘ஃபேன்டேசியா’. ஸ்ட்ராவின்ஸ்கியின் இசைக்கு டைரனோசாரஸும் ஸ்டெகோசாரஸும் மழையில் மோதும் காட்சி அபாரமானது. பார்னம் பிரவுன் உள்ளிட்ட அறிஞர்களின் ஆலோசனையும் அதற்கு இருந்தது. ஆனால் ஸ்டெகோசாரஸ் வாழ்ந்தது ஏறக்குறைய 15 கோடி ஆண்டுகளுக்கு முன், டைரனோசாரஸ் 6.8 கோடி ஆண்டுகளுக்கு முன்னால்தான் வருகிறது. அவை இரண்டுக்கும் இடையிலான இடைவெளி, டைரனோசாரஸுக்கும் நமக்கும் இடையிலானதைவிட அதிகம். அந்த டைரனோசாரஸுக்குக் கையில் மூன்று விரல் வேறு. உண்மையில் இரண்டுதான். இத்தனையும் தெரிந்த பிறகும் நான் அந்தக் காட்சியைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். டைனோசர்களைக் கோமாளிகளாக்காமல், அவற்றின் உலகத்தை அவ்வளவு கம்பீரமாகக் காட்டிய முதல் பெரிய படம் அது.

பழைய படங்கள்ல விண்கல் விழுந்து அழியிற மாதிரி ஏன் காட்டல?

அந்தக் கருத்தே 1980இல்தான் வலுப்பெற்றது. லூயிஸ் அல்வாரெஸும் அவர் மகன் வால்டரும் இரு சக ஆய்வாளர்களும், 6.6 கோடி ஆண்டுப் பழைய களிமண் அடுக்கில், பூமியின் மேல்பரப்பில் அரிதாகவும் விண்கற்களில் அதிகமாகவும் உள்ள இரிடியம் என்ற உலோகம் அளவுக்கு மீறி இருப்பதைக் கண்டு, விண்கல் மோதியிருக்க வேண்டும் என்றார்கள். மெக்ஸிகோவின் சிக்ஸுலுப் பள்ளம்தான் அந்த இடம் என்று 1991இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். அதற்கு முன்பு பூமி வறண்டது, எரிமலை வெடித்தது, குளிர்ந்தது என்று பல யூகங்கள். ‘ஃபேன்டேசியா’வில் டைனோசர்கள் தண்ணீர் தேடி நடந்து நடந்து வெயிலில் விழுந்து சாவது அந்த வகை.

மனுஷனும் டைனோசரும் ஒரே காலத்துல வாழ்ந்தாங்களா? குகை மனிதன் படம் பார்த்துட்டு பையன் கேக்கறான்.

இல்லை. பறவைகளைத் தவிர மற்ற டைனோசர்கள் அழிந்து 6.6 கோடி ஆண்டுகள் ஆகின்றன. நம் மனித இனத்துக்கு வயது ஏறக்குறைய 3 லட்சம் ஆண்டுகள்தான். ‘ஒன் மில்லியன் பி.சி.’யும், 1966இல் ஹாரிஹவுசன் கைவண்ணத்தில் வந்த அதன் மறு ஆக்கமும் முழுக் கற்பனை.

படக்காரர்களுக்கும் இது தெரியும். அதனால்தான் பல கதைகள் வேறு வழி தேடின: யாரும் ஏறாத பீடபூமி, வரைபடத்தில் இல்லாத தீவு, அணுகுண்டுச் சோதனையால் விழித்த மிருகம். ஸெமனின் தீர்வு எல்லாவற்றிலும் அழகு. நான்கு சிறுவர்கள் படகில் ஏறி ஒரு நதியில் போகப் போகக் காலம் பின்னோக்கிப் போகிறது. முதலில் பனியுகத்து மாமூத், அப்புறம் டைனோசர்கள், கடைசியில் ட்ரைலோபைட்டுகள் என்ற ஓடுள்ள சிறு கடலுயிர்கள் வாழ்ந்த ஆதிக்கடல். எது முந்தியது, எது பிந்தியது என்ற வரிசை மனதில் அப்படியே பதிந்துவிடும். உங்கள் பையனுக்கு அதைக் காட்டுங்கள்.

காட்ஜில்லா டைனோசரா இல்லையா?

1954இல் வந்த முதல் ஜப்பானியப் படத்தின்படி, கடல் ஊர்வனவுக்கும் நிலவிலங்குக்கும் இடைப்பட்ட பழங்கால உயிர் அது. ஹைட்ரஜன் குண்டுச் சோதனை அதன் இருப்பிடத்தைக் குலைத்துவிட்டது. எந்த உண்மையான டைனோசரோடும் முழுசாகப் பொருந்தாது. நிமிர்ந்த நடை மேலே சொன்ன பழைய டி-ரெக்ஸ் தோற்றத்திலிருந்தும், முதுகுத் தகடுகள் ஸ்டெகோசாரஸிடமிருந்தும் வந்தவை. உள்ளே கனமான உடையில் நடந்தவர் ஹருவோ நகாஜிமா.

அந்தப் படத்தில் அறிவியல் பிழை ஒன்றும் உண்டு. தொல்லுயிரியலாளர் யமானே ஜுராசிக் காலம் 20 லட்சம் ஆண்டுகளுக்கு முன் என்கிறார். உண்மையில் அது 14 கோடி ஆண்டுகளுக்கும் முந்தையது. காட்ஜில்லாவின் காலடித் தடத்தில் அவர் ட்ரைலோபைட் கண்டெடுப்பதும் பொருந்தாது. ட்ரைலோபைட்டுகள் டைனோசர்களுக்கு முன்பே அழிந்தவை.

தொல்லுயிரியலாளர் பாத்திரம் எப்பவும் வயசான புரொஃபசர்தானா? ஏன் செத்துப்போறார்?

நல்ல கவனிப்பு. 1953இல் வந்த ‘தி பீஸ்ட் ஃப்ரம் 20,000 ஃபேதம்ஸ்’ படத்தில் பேராசிரியர் எல்சன், 1959இல் வந்த ‘தி ஜயன்ட் பெஹிமாத்’தில் டாக்டர் சாம்சன், 1969இல் வந்த ‘தி வேலி ஆஃப் குவாங்கி’யில் பேராசிரியர் பிராம்லி மூவரும் அந்த மிருகத்தாலேயே சாகிறார்கள். எல்லாரும் ஓடும்போது அருகில் போய்ப் பார்க்கத் துடிக்கும் ஒரே ஆள் அவர்தான் என்பதே காரணம். எல்சன் நீர்மூழ்கிக் கூண்டில் ஆழ்கடலுக்கு இறங்கி, எதிரே வரும் மிருகத்தின் உடலமைப்பைத் தொலைபேசியில் ஆனந்தமாக விவரித்துக்கொண்டே இருக்கிறார், இணைப்பு அறுந்துபோகிறது. அதைத் தியாகம் என்றோ முட்டாள்தனம் என்றோ சொல்லத் தோன்றவில்லை. வாழ்நாள் முழுக்க எலும்பாகவே பார்த்த ஒன்றை உயிரோடு பார்க்கும் மனிதனின் மகிழ்ச்சி அது.

அதே படத்தில் அவருடைய உதவியாளர் லீ ஹன்டர் இளம்பெண். மிருகத்தைப் பார்த்ததாகச் சொல்லும் நாயகனுக்குப் பழங்கால விலங்குகளின் ஓவியங்களை வரிசையாகக் காட்டி அடையாளம் கேட்கிறார். அப்புறம் தொடர்பே இல்லாத ஒரு மீனவரிடமும் அதே ஓவியங்களைக் காட்டுகிறார்கள். இருவரும் ஒரே படத்தை எடுக்கிறார்கள். தனித்தனிச் சாட்சிகளைச் சரிபார்க்கும் முறை அது. 50களின் மிருகப் படங்களில் அறிவியல் இவ்வளவு ஒழுங்காக நடப்பது அபூர்வம்.

ஆனால் என் மனதுக்கு நெருக்கமானவர் யமானே. தகாஷி ஷிமுரா நடித்தார், அதே ஆண்டு ‘செவன் சாமுராய்’க்குத் தலைமை தாங்கியவர். காட்ஜில்லாவைக் கொல்லாமல், கதிர்வீச்சைத் தாங்கி எப்படிப் பிழைத்தது என்று ஆராய வேண்டும் என்கிறார். யாரும் கேட்பதில்லை. வீட்டில் விளக்கை அணைத்துவிட்டுத் தனியே உட்கார்ந்திருக்கிறார். அவர் சாவதில்லை, ஆனால் மிருகம் அழிந்ததும் எல்லோரும் நிம்மதியடையும் வேளையில் இன்னொன்று வரக்கூடும் என்று கவலைப்படுகிறார்.

நிஜத்துல அவங்க அப்படித்தான் இருந்தாங்களா?

சிலர் சினிமாவை மிஞ்சினார்கள். பார்னம் பிரவுன் எலும்பு தோண்டும் களத்துக்கே நீண்ட ரோமக் கோட்டு போட்டுப் போனவர். ராய் சாப்மன் ஆண்ட்ரூஸ் 1920களில் கோபி பாலைவனத்துக்குக் கார்களும் ஒட்டகங்களுமாகப் போய் 1923இல் டைனோசர் முட்டைகளோடு திரும்பினார். ஆனால் அவர் பயணத் தலைவர்தான், குழுவின் தலைமைத் தொல்லுயிரியலாளர் வால்டர் கிரேஞ்சர். படங்கள் ஆண்ட்ரூஸை நினைவில் வைத்தன, கிரேஞ்சரை மறந்துவிட்டன. பொறுமையாக எலும்பைச் சுரண்டி, பிளாஸ்டர் கட்டு போட்டு, பெட்டியில் அடைக்கும் வேலையை எந்தப் பழைய படமும் ஒழுங்காகக் காட்டவில்லை என்பது என் நெடுநாள் குறை.

‘பிரிங்கிங் அப் பேபி’யில் தேடுற அந்த எலும்பு உண்மையா?

இல்லை. 1938இல் வந்த அந்த நகைச்சுவைப் படத்தில் கேரி கிரான்ட், பிரான்டோசாரஸை முடிக்கக் கடைசி எலும்பாக ‘இன்டர்காஸ்டல் கிளாவிக்கிள்’ வருவதற்குக் காத்திருக்கிறார், அதை ஒரு நாய் புதைத்துவிடுகிறது. கிளாவிக்கிள் என்பது காறை எலும்பு, இன்டர்காஸ்டல் என்றால் விலாக்களுக்கு இடையில். அப்படி ஓர் எலும்பு எந்த விலங்குக்கும் கிடையாது.

இன்னொரு சுவையான தகவல். அந்தப் படத்துக்காகச் செய்த செயற்கை எலும்புக்கூடு ஸ்டுடியோ கிடங்கில் கிடந்து, மேலே சொன்ன ‘தி பீஸ்ட் ஃப்ரம் 20,000 ஃபேதம்ஸ்’ படத்தில் எல்சனின் அருங்காட்சியகக் காட்சியில் மறுபடி நின்றது.

டிவியில என்ன வந்துச்சு?

1960இல் ‘தி ஃபிளின்ட்ஸ்டோன்ஸ்’ தொடங்கியது, அதில் டைனோசர் வீட்டு நாய்க்குப் பதில். 1974இல் அமெரிக்காவில் வந்த ‘லேண்ட் ஆஃப் தி லாஸ்ட்’ குழந்தைகள் தொடர் என்றாலும் அக்கறையோடு செய்யப்பட்டது. அதில் வரும் குரங்கு மனிதர்களின் மொழியை விக்டோரியா ஃப்ராம்கின் என்ற மொழியியலாளரே உருவாக்கினார். அதே ஆண்டு பிரிட்டனில் ‘டாக்டர் ஹூ’வின் டைனோசர் கதை வந்தது. கதை நன்றாக இருந்தும் பொம்மைகள் கைவிட்டுவிட்டன. நிஜத் தொல்லுயிரியலாளரைத் திரையில் பார்க்க வேண்டுமானால், லண்டன் அருங்காட்சியகத்தின் ஆலன் சாரிக் 1975இல் பிபிசியில் வழங்கிய ‘பிஃபோர் தி ஆர்க்’ தொடரைச் சொல்லலாம்.

நம்ம ஊருக்கும் இதுக்கும் ஏதாவது தொடர்பு இருக்கா?

டைனோசர் இல்லை, மாமூத் இருக்கிறது. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸின் டி.ஆர். சுந்தரம் அமெரிக்க நிறுவனத்தோடு கூட்டாக 1952இல் எடுத்த ‘தி ஜங்கிள்’, தமிழில் ‘காடு’. ராட் கேமரன், சீசர் ரொமேரோ, மேரி விண்ட்சர் நடித்தார்கள். யானைகள் மிரண்டு ஓடுவதற்குக் காரணம் காட்டுக்குள் பிழைத்திருக்கும் மாமூத்துகள் என்று கதை. நிஜ யானைகளுக்கே நீண்ட முடி போர்த்தி மாமூத் ஆக்கினார்கள். வளர்ந்த யானையே கிடைக்கும் ஊரில் அது நல்ல யோசனை.

நிஜ எலும்பு வேண்டுமானால் அரியலூர்ப் பக்கம் கல்லமேடு. அங்கே கிடைத்த மாபெரும் எலும்புகளை வைத்து 1980களில் ‘புருஹத்காயோசாரஸ்’ என்று பெயரிட்டார்கள். முதலில் ஊனுண்ணி என்றார்கள், பிறகு நீள்கழுத்துத் தாவர உண்ணி என்று திருத்தினார்கள். அந்த எலும்புகள் உதிர்ந்து போய்விட்டதால் மறுபடி ஆராய வழியில்லை.

பார்க்கணும்னா எதிலேர்ந்து ஆரம்பிக்கலாம்? நெட்ல பல பதிப்பு இருக்கே.

‘கெர்ட்டி’யில் தொடங்குங்கள், சில நிமிடங்கள்தான். 1925இன் ‘தி லாஸ்ட் வேர்ல்ட்’ நீண்ட காலம் வெட்டிச் சுருக்கிய பிரதியாகவே கிடைத்தது. பிராக் ஆவணக்காப்பகத்தில் கிடைத்த பிரதி உட்படப் பலவற்றைச் சேர்த்து மீட்ட பதிப்புகள் இப்போது உள்ளன, ஒரு மணி நேரம் மட்டுமே ஓடுவதைத் தவிர்த்துவிட்டு நீளமானதைத் தேடுங்கள். ஸெமனின் படத்தில் செக் மூலத்தை எடுங்கள், 1966இன் அமெரிக்கப் பதிப்பில் தொடக்கத்தை மாற்றி வேறு காட்சிகளைச் சேர்த்திருக்கிறார்கள். காட்ஜில்லாவுக்கும் இதே எச்சரிக்கை: 1956இன் அமெரிக்கப் பதிப்பில் ரேமண்ட் பர் என்ற நடிகரைப் புதிதாக நுழைத்து, யமானேயின் காட்சிகளைக் குறைத்துவிட்டார்கள். ஜப்பானிய மூலத்தைத் துணைத்தலைப்போடு பாருங்கள்.